தொழிலகத்தில் பிணக்கும் இணக்கமும்

(அறவாரியத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் வழக்கமாகச் சமயச் சொற்பொழிவே நடைபெறும். இவ்வாண்டு வேலையிடத்திலும் வணிகத்திலும் எழும் பிணக்குகளைத் தீர்க்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கோவில் மண்டபத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருப்பவர்களும், அக்கடைகளில் வேலை செய்பவர்களும் வெள்ளிக்கிழமை மாலையில் ஒரே சந்நிதியில்தான் நிற்கிறார்கள். சம்பளம் வரவில்லை என்றாலும், பங்காளி ஏமாற்றிவிட்டான் என்றாலும், முதலில் கோவில் பெரியவர்களிடம்தான் வந்து சொல்கிறார்கள். ஆகவே இது நமக்கு வெளியே உள்ள செய்தி அன்று. நம் வாசலுக்கு நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் செய்தியே ஆகும்.

நம் மண்ணிலே நடந்த ஒரு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒன்று திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் ஆர்.எச்.நாதன். அவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணை ஆசிரியராகப் பணியாற்றியவர். அன்று ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு அளவில்தான் இருந்தது. அதனால் இது கூலிப் போராட்டம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளின் பட்டியலைப் பார்த்தால் வேறோர் உண்மை விளங்கும்.

சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பது ஒன்று. மற்றவை என்ன? பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமார்களை மாற்றித் தமிழ் பேசத் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்திற்குள் வந்துபோக அனுமதி வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். குறையை எடுத்துச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

பெரியோர்களே! இந்தப் பட்டியலில் பெரும்பகுதி பணத்தைப் பற்றியது அன்று, மானத்தைப் பற்றியது. கடைசியாக நான் சொன்ன இரண்டையும் சற்று எண்ணிப் பாருங்கள். குறையைச் சொல்ல ஒரு வழி வேண்டும், சொன்னவனுக்குத் தண்டனை கூடாது. இன்று மேலாண்மைக் கல்வியில் 'பிணக்கு மேலாண்மை அமைப்பு' என்று கூறி எதைக் கற்றுக்கொடுக்கிறார்களோ, அதன் அடிப்படையை நம் பாட்டன்மார் 1941இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது. அவசர நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த ஒரு மேனேஜரின் ஓர் உத்தரவு போதும், ஒரு காசும் செலவில்லை. அதைக் கேட்கவும், கேட்டதைப் பொறுமையாகக் காதில் வாங்கவும் ஓர் அமைப்பு இல்லாததால் உயிர்கள் போயின.

பிணக்கைத் தீர்க்க மனிதர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. 1988ஆம் ஆண்டில் யூரி, பிரெட், கோல்ட்பெர்க் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்கள் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்த வேலைநிறுத்தங்களையும் ஆராய்ந்து இதனை ஒரு நூலாகவே எழுதினர். ஒன்று பலத்தால் தீர்ப்பது. வேலைநிறுத்தம், கதவடைப்பு, வேலை நீக்கம் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது உரிமையால் தீர்ப்பது; சட்டம் என்ன சொல்கிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது தேவையால் தீர்ப்பது. உனக்கு உண்மையில் என்ன வேண்டும், எனக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து பேசுவது. இவற்றுள் செலவு மிகக் குறைந்தது மூன்றாவது. மிகக் கூடியது முதலாவது. நல்ல அமைப்பில் பெரும்பாலான பிணக்குகள் பேச்சிலே தீரும். சில சட்டத்திற்குப் போகும். மிகச் சிலவே பலப்பரீட்சைக்குப் போகும். அமைப்பு இல்லாத இடத்தில் இது தலைகீழாக நடக்கும்.

அகமதாபாத்தில் 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர்கள் 35 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 விழுக்காட்டிற்குமேல் முடியாது என்றார்கள். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தமக்கை அனசூயா. காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். முடிவில் இரு தரப்பும் ஆனந்தசங்கர் துருவா என்ற கல்வியாளரை நடுவராக ஏற்றன. அவர் 35 விழுக்காடு என்று தீர்ப்பளித்தார். இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. 1920இல் அங்கே தொழிலாளர் சங்கம் அமைந்தது. பிணக்கு எழுந்தால் இரு தரப்பும் தத்தம் நடுவரிடம் கொண்டுபோவது என்னும் நிலையான ஏற்பாடும் வேரூன்றியது. ஒருமுறை தீர்த்து வைப்பது பெரியவர்களின் திறமை. அடுத்த முறையும் தீர ஏற்பாடு செய்து வைப்பதுதான் அமைப்பு.

நம் நாட்டிலும் காலப்போக்கில் அமைப்புகள் வந்தன. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி.நாராயணன் அவர்களின் தலைமையில் தோட்டச் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தின்வழி பேசித் தீர்க்கப்படும் நிலை வந்தது. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் சமரசப் பேச்சையும் தொழிலியல் நீதிமன்றத்தையும் ஒரே ஏணியின் படிகளாக அமைத்தது. 1975இல் முதலாளிகளின் மன்றமும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழில் இணக்கத்திற்கான நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு நிறுவனத்திலும் குறை கேட்கும் முறை இருக்கவேண்டும் என்பது அந்நெறியின் கருத்துகளில் ஒன்று. அது கட்டாயச் சட்டமன்று. ஆயினும் தொழிலியல் நீதிமன்றம் அதனைக் கருத்தில் கொள்ளலாம்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த இடத்திலிருந்து ஒரே நாளில் நிறுத்தப்பட்டார். விசாரணை ஏதுமில்லை, கடிதத்தில் இரண்டே வரி. முதலாளியும் நமக்கு வேண்டியவர். திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர். "பொறு தம்பி, அவசரப்பட்டுப் புகார் கொடுத்துப் பகையாக்கிக் கொள்ளாதே. நாங்கள் பேசுகிறோம்" என்று பெரியவர்கள் சொன்னோம். அவரும் நம்பிக் காத்திருந்தார். முதலாளி வெளியூர் போயிருந்தார். பிறகு தைப்பூசம் வந்தது. பிறகு பார்க்கலாம் என்றார். கடைசியில் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தம்பி தொழிலுறவு இலாகாவுக்குப் போனபோது வேலை நீக்கப்பட்டு அறுபத்தாறு நாள் ஆகியிருந்தது. சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்கிறது. அந்த வாசல் அடைபட்டுப் போயிற்று. காத்திரு என்று சொன்ன பெரியவர்களில் நானும் ஒருவன். அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் ஐயா சொன்னீர்கள்" என்றார். அந்தச் சொல்தான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நல்லெண்ணம் மட்டும் அமைப்பாகிவிடாது என்பதை அன்று கற்றேன். சமரசம் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. முதலில் மனுவைக் கொடுத்துவிட்டு, பிறகு பேச்சைத் தொடர்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சமரசம் கைகூடாத வழக்குகளை அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் தலைமை இயக்குநரே தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்பிவிடுகிறார். சம்பளப் பாக்கி என்றால் ஆள்பல இலாகாவின் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம்.

அப்படியானால் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு துணிக்கடையோ உணவகமோ என்ன செய்யவேண்டும்? பெரிய கம்பெனிகளைப் போல் தனி இலாகா வைக்க முடியாது. ஐந்து ஏற்பாடுகள் போதும் என்பது என் கருத்து.

முதலாவது, இரண்டு வாசல் வேண்டும். குறையை மேற்பார்வையாளரிடம் சொல் என்று மட்டும் விதி வைத்தால், குறையே மேற்பார்வையாளரைப் பற்றியதாக இருக்கும்போது என்ன செய்வது? முதலாளியின் குடும்பத்தில் ஒருவரோ, கணக்குப் பார்க்கும் அம்மையாரோ, தொழிலாளர் நம்பும் இன்னொருவர் இருக்கவேண்டும்.

இரண்டாவது, நாள் கணக்கு வேண்டும். மூன்று நாளில் முதல் பதில், ஒரு வாரத்தில் முதலாளியுடன் நேர்ப்பேச்சு, இரண்டு வாரத்தில் எழுத்தில் முடிவு என்று முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். பதில் வராத குறைதான் பகையாக முற்றுகிறது.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு வேண்டும். யார், எந்த நாளில், என்ன சொன்னார், என்ன முடிவாயிற்று என்று நான்கு பத்தி போட்டு எழுதினால் போதும். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் ஒரே குறை நான்கு முறை வந்திருப்பது தெரியும். அப்போது திருத்த வேண்டியது ஆளை அன்று, முறையை என்று விளங்கும்.

நான்காவது, பழிவாங்காமை. குறை சொன்னவரின் வேலை நேரத்தை மாற்றுவதும், மிகுதி நேர வேலையைக் குறைப்பதும், எல்லார் முன்னிலையிலும் குத்திப் பேசுவதும் பழிவாங்குதலே. ஒருவரை இப்படிச் செய்துவிட்டால் மற்றப் பதினொரு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கடையில் அமைதி நிலவுகிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாவது, சமரசத்திற்கு உட்படாதவை எவை என்ற தெளிவு வேண்டும். கொடுக்கவேண்டிய சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போ என்று சொல்வது சமரசமன்று. ஒரு பெண் பாலியல் தொல்லை என்று முறையிட்டால், குடும்ப மானம் கருதி மறந்துவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி அப்புகாரை விசாரிப்பது முதலாளியின் கடமை. விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்நியத் தொழிலாளியின் கடப்பிதழைப் பூட்டி வைப்பதும் அப்படியே. அது பேரம் பேசும் பொருளன்று, சட்டப்படி குற்றம்.

இனி, வணிகப் பிணக்கிற்கு வருவோம்.

அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று கூட்டாகக் கடை தொடங்குவது நம்மவர் வழக்கம். "நமக்குள் என்ன எழுத்து?" என்று சொல்லித்தான் தொடங்குகிறோம். எழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1961ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் நமக்காக எழுதிவிடும். வேறு உடன்பாடு இல்லையென்றால் இலாபமும் நட்டமும் சமபங்கு. ஒருவர் மூன்று மடங்கு முதல் போட்டிருந்தாலும் இலாபப் பங்கு சமமே. ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டாண்மை கலைந்துவிடும். காலவரை குறிக்காத கூட்டாண்மையை ஒருவர் அறிவிப்புக் கொடுத்தே முடித்துவிடலாம். அண்ணன் மறைந்த நாற்பதாம் நாளில் அண்ணியும் கொழுந்தனும் கடைச் சாவிக்குச் சண்டையிடுவது இதனால்தான். எழுதுவதை அவநம்பிக்கை என்று எண்ணாதீர்கள். உறவைக் காக்கும் வேலி அது.

அந்த எழுத்தில் பிணக்கு எழுந்தால் ஏறவேண்டிய படிகளையும் சேர்த்து எழுதிவிடுங்கள். முதலில் முப்பது நாள் நேர்ப்பேச்சு. தீராவிட்டால் இரு தரப்பும் ஏற்ற ஒரு சமரசர். அதிலும் தீராவிட்டால் நடுவர் தீர்ப்பு. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை, பேச உதவுகிறார். நடுவர் தீர்ப்புச் சொல்கிறார், அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 2012ஆம் ஆண்டுச் சமரசச் சட்டப்படி, சமரசத்தில் பேசியவை இரகசியமாகக் காக்கப்படும். எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு செல்லும். வழக்கறிஞர் மன்றம் 1999இலேயே ஒரு சமரச மையத்தை நிறுவியது. நடுவர் தீர்ப்புக்காக 1978இல் தோன்றிய கோலாலம்பூர் வட்டார மையம், 2018இல் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர் மாறியது. சுலைமான் கட்டடத்தில் இயங்கும் அது பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

நம்மவர்களில் சிறு குத்தகையாளர்கள் பலர் உண்டு. வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைகிறார்கள். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள கட்டுமானத் தொழில் பணப்பட்டுவாடாச் சட்டத்தின்கீழ், இரு தரப்பு உரைகளும் முடிந்தபின் 45 வேலை நாளில் முடிவு கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாய்ச்சொல்லை நம்பியவருக்கு இந்தக் கதவு திறக்காது. ஐயாயிரம் வெள்ளிக்கு உட்பட்ட தனிநபர் கோரிக்கைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாத எளிய முறை உண்டு. கடையில் வாங்கிய பொருளில் ஏமாந்தவர்கள் ஐம்பதாயிரம் வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

இவ்வளவும் இருக்க, கோவில் பெரியவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிச்சயம் வேலை இருக்கிறது. மொழி புரியாமல் திகைப்பவருக்கு வழி காட்டலாம். கோபத்தில் இருப்பவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் நடுவில் அமர்பவர் யார் என்பதில் கவனம் வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்த அம்முறையில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. முந்திய மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவரும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உறவும் பதவியும் நடுநிலையைக் கெடுக்கும் என்று உணர்ந்து கல்லில் வெட்டினார்கள். நாமோ, திருவிழாவுக்கு அதிகம் கொடுப்பவரைப் பற்றிய புகாரை, அவரிடம் நன்கொடை வாங்கும் குழுவிடமே கொடுக்கிறோம். அந்த இளைஞர் விஷயத்தில் நான் செய்த பிழையும் அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பிறருக்குப் புத்தி சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். ஓர் அறவாரியமும் வேலையிடம்தான். குருக்கள் இருக்கிறார், ஓதுவார் இருக்கிறார், நாதஸ்வர, தவில் கலைஞர்கள் இருக்கிறார்கள், மடைப்பள்ளியில் சமைப்பவர், கூட்டிப் பெருக்குபவர், அலுவலகத்தில் ரசீது எழுதும் பெண் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு மனக்குறை என்றால் யாரிடம் சொல்வார்கள்? எத்தனை நாளில் பதில் கிடைக்கும்? தொண்டுதானே என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்காமல் இருக்கிறோமா? வரும் ஆண்டில் நம் வாரியமே முதலில் இந்த ஐந்து ஏற்பாடுகளையும் எழுதி, அலுவலகச் சுவரில் தமிழிலும் மலாயிலும் ஒட்டட்டும். அதன் பிறகு வணிகப் பெருமக்களை அழைத்து, "நாங்கள் செய்திருக்கிறோம், நீங்களும் செய்யுங்கள்" என்று சொல்லும் தகுதி நமக்கு வரும்.

அந்தச் சுவரொட்டியின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்: வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுச் செய்யவேண்டும், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த நாள் தள்ளிப்போகாது.

கிள்ளானில் அன்று கேட்கப்படாமல் போன குரலுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை இதுவே.